டிசம்பரில் டொமினிக்கா: போனவர்கள் யாராவது உண்டா?

பஸ்ஸ்டாண்டு பாலு

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பரில் மயாமியில் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஒரு வாரம் டொமினிக்கா போய் வரலாம் என்று யோசனை. நான், மனைவி, 14 வயது மகன், 67 வயது அம்மா. புன்டா கானா கடற்கரையில் சாப்பாடு, அறை எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு ஓட்டல் காட்டுகிறது. யாராவது தங்கியிருக்கிறீர்களா? அம்மாவுக்குச் சரிப்படுமா?

மலைநாடன்

பாலு, பணம் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் இரண்டு நிமிடம் பொறுங்கள். புன்டா கானா இருப்பது டொமினிக்கன் குடியரசில். டொமினிக்கா வேறு நாடு, அதே கரீபியக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே பேசுவது ஸ்பானிஷ், இங்கே ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவே புவெர்ட்டோ ரிக்கோவும் இன்னும் பல தீவுகளும் கிடக்கின்றன. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. டொமினிக்காவுக்குப் போட்ட கடிதம் அந்தக் குடியரசைச் சுற்றிவிட்டு வந்து சேர்வது அந்த ஊரில் பழைய நகைச்சுவை. பெயரைச் சொல்லும்போது 'நீ'யில் அழுத்தம் கொடுங்கள்: டொமினீக்கா. அப்படிச் சொன்னால்தான் அந்த ஊர்க்காரர்கள் முகம் மலரும்.

பஸ்ஸ்டாண்டு பாலு

ஐயோ. இன்னும் கட்டவில்லை, கார்டை கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்! அப்போது நீங்கள் சொல்லும் டொமினிக்காவில் என்ன இருக்கிறது?

மலைநாடன்

நான் இரண்டு முறை போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு. சிங்கப்பூரில் 60 லட்சம் பேர் என்றால் இங்கே 70 ஆயிரம் சொச்சம். மற்ற இடமெல்லாம் காடும் மலையும்தான். வடக்கே குவாதலூப், தெற்கே மார்ட்டினிக், இரண்டுமே பிரான்ஸுக்குச் சொந்தமானவை. இது மட்டும் நடுவில் ஆங்கிலம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆனால் வீட்டிலும் சந்தையிலும் காதில் விழுவது பிரெஞ்சை அடியாகக் கொண்ட கிரியோல் என்கிற கலப்பு மொழி. 1763-ல் பிரிட்டனுக்குப் போய், 1778-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, 1783-ல் திரும்பவும் பிரிட்டனுக்கு வந்த தீவு, அதனால் ஊர்ப் பெயர்கள் பாதி பிரெஞ்சிலேயே நின்றுவிட்டன. தலைநகரம் ரோசோ. Roseau என்று எழுதுவார்கள், கடைசி எழுத்தை உச்சரித்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கொலம்பஸ் இதைப் பார்த்தது 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அதனால் லத்தீனில் ஞாயிறைக் குறிக்கும் பெயர். ஒரு தீவைப் பார்த்தவுடன் காலண்டரைப் புரட்டிப் பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அங்கே ஏற்கெனவே இருந்த கலினாகோ மக்கள் வைத்த பெயர் வைத்துக்குபுலி, 'உயரமானது அவள் உடல்' என்று பொருள். கப்பலிலிருந்து பார்த்தால் எந்தப் பெயர் பொருத்தம் என்று புரியும். மோர்ன் டயப்லோட்டின் சிகரம் 1,447 மீட்டர். கரையிலிருந்து நேரே எழுந்து மேகத்துக்குள் போய்விடுகிறது. சுதந்திரம் வாங்கியதும் நவம்பர் 3-ல்தான், 1978-ல்.

முக்கியமான விஷயம்: வெள்ளை மணல் கடற்கரை தேடிப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் எரிமலைக் கறுப்பு மணல், இல்லாவிட்டால் கூழாங்கல். அருவி, ஆறு, வெந்நீர் ஊற்று, மலைநடை, இவற்றுக்குத்தான் இந்தத் தீவு. உங்கள் வீட்டில் நாலு பேரில் எத்தனை பேருக்கு நனைந்துகொண்டே நடக்கப் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள்.

செம்பருத்தி

மலைநாடன் எரிமலை என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டார். இவ்வளவு சின்னத் தீவில் உயிருள்ளவையாகக் கருதப்படும் எரிமலைகள் ஒன்பது. அட்லாண்டிக் கடலின் அடித்தரை, பூமியோட்டின் கரீபியத் தட்டுக்கு அடியில் புகுகிற விளிம்பில் வரிசையாக எழுந்த தீவுகளில் இது ஒன்று. மலை இவ்வளவு உயரமாக இருப்பதால் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மோதி நின்று அங்கேயே கொட்டுகிறது. நடுமலையில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேலும் பெய்யும். ரோசோ மேற்குக் கரையில், மலைமறைவில் இருப்பதால் அங்கே அதில் சிறு பங்குதான். வருஷத்தில் நாளுக்கு ஒரு ஆறு, 365 ஆறு என்று அந்த ஊரில் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை :)

மோர்ன் துருவா பித்தோன் தேசியப் பூங்கா 1997-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதற்குள்தான் கொதிக்கும் ஏரி. உலகத்தில் இந்த மாதிரி ஏரிகளில் இரண்டாவது பெரியது, முதலாவது நியூசிலாந்தில். பூமிக்குள்ளிருந்து ஆவி சீறும் வாய் ஒன்று, அதன் மேல் மழைநீரும் ஓடைநீரும் தேங்கி நிற்கிறது. அடுப்பில் வைத்த உலை மாதிரிதான். ஆவியின் அழுத்தம் மாறினால் ஏரியே வற்றிவிடும். 2004 டிசம்பரில் அப்படி வற்றி, சில மாதத்தில் திரும்பவும் நிரம்பியது.

பஸ்ஸ்டாண்டு பாலு

மகன் இதைப் படித்துவிட்டுக் குதிக்கிறான். அந்த ஏரி வரைக்கும் கார் போகுமா?

மலைநாடன்

கார் போகாது, கழுதையும் போகாது. லவ்டா கிராமத்துக்குப் பக்கத்தில் டீட்டூ பள்ளத்தாக்கிலிருந்து நடை. போக மூன்று மணி, வர மூன்று மணி. வழிகாட்டி இல்லாமல் போகவே போகாதீர்கள்.

நான் போன அன்று முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள் மரக்கட்டைப் படிகள். அப்புறம் மோர்ன் நிக்கல்ஸ் என்று ஒரு முகடு. அங்கே காற்று தள்ளுகிற தள்ளலில் தொப்பி போய்விட்டது, இன்னும் மார்ட்டினிக் பக்கம் பறந்துகொண்டிருக்கும். முகட்டிலிருந்து கீழே இறங்கினால் பச்சை சட்டென்று நின்றுவிடுகிறது. பாழ் பள்ளத்தாக்கு என்று பெயர், பெயருக்கேற்ற இடம். தரை மஞ்சளும் ஆரஞ்சும் சாம்பலுமாக இருக்கிறது. ஒரு ஓடை பால் மாதிரி, அடுத்த ஓடை மை மாதிரி. ஆங்காங்கே தரையில் ஓட்டை, அதில் தண்ணீர் களக் களக்கென்று கொதிக்கிறது. எங்கள் வழிகாட்டி பையிலிருந்து நாலு முட்டையை எடுத்து ஒரு ஓட்டையில் வைத்தார், திரும்பி வரும்போது எடுத்து உரித்துக் கொடுத்தார். உப்பும் கொண்டு வந்திருந்தார் மனிதர். அவர் கால் வைத்த இடத்தில் மட்டும் நாம் கால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமும் வெந்துவிடுவோம்.

ஏரி சுமார் 60 மீட்டர் அகலம். விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் முதலில் ஆவி மட்டும்தான். பத்து நிமிடம் காத்திருந்தோம். காற்று ஒருமுறை திரும்பியது. நீலச் சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் ஆளுயரத்துக்குப் பொங்குகிறது. ஓரத்திலேயே 80 டிகிரிக்கு மேல் சூடாம். ஒரு நிமிடம்தான், மறுபடி மூடிவிட்டது.

கணக்குப்பிள்ளை

ஒரு நிமிடம் ஆவி பார்க்க ஆறு மணி நேரம் நடையா? நம்மால் ஆகாதப்பா. நான் வேறு காரணத்துக்காக இந்த நாட்டைப் பற்றிப் படித்தேன். பணம் கட்டினால் பாஸ்போர்ட் கொடுக்கும் நாடு இது. 1993-லிருந்து நடக்கிறது. முன்பு ஒரு லட்சம் டாலர், 2024-ல் கிழக்குக் கரீபிய நாடுகள் சேர்ந்து பேசி இரண்டு லட்சமாக்கிவிட்டன. யாருக்காவது அனுபவம்?

மலைநாடன்

அதற்குத் தனி இழை போடுங்கள் பிள்ளைவாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் திட்டத்தைக் காரணம் காட்டி 2023 ஜூலையில் பிரிட்டன் டொமினிக்கா பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம் என்று ஆக்கிவிட்டது. வாங்கியவர் விற்றவர் கதை இருக்கட்டும். அங்கேயே பிறந்து வளர்ந்து லண்டனில் மகள் வீட்டுக்குப் போய்வரும் பாட்டியும் இப்போது விசாவுக்கு நிற்கிறாள். அந்தப் பணத்தில்தான் வீடு கட்டித் தருகிறார்கள், புதிய விமான நிலையம் கட்டுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஊரில் இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள்.

சுண்ணாகத்தார்

வணக்கம் பிள்ளையள். நான் கனடாவிலை இருக்கிறன். ரெண்டு வருசத்துக்கு முன்னம் கப்பலிலை போய் ஒரு நாள் ரோசோவிலை இறங்கினனாங்கள். சந்தையைப் பாத்தவுடனை எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது. ஈரப்பலாக்காய் அடுக்கி வைச்சிருந்தவை! சேம்பிலையிலை ஒரு சூப் வைக்கினம், கலலூ எண்டு பேர், அதுதான் அவையின்ரை தேசிய உணவாம். தேங்காய்ப்பாலும் விடுகினம். மனுசி ஒரு வாய் குடிச்சிட்டு, 'இதுக்கை கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டா எங்கடை கறிதான்' எண்டா. இந்தியாவிலை உள்ளவை ஈரப்பலாவை என்னெண்டு சொல்லுவியள்?

செம்பருத்தி

எங்கள் பக்கம் சீமைப்பலா என்போம் ஐயா. கரீபியனில் அது வந்த கதை அவ்வளவு இனிப்பில்லை. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட வேண்டும் என்று தாஹிட்டியிலிருந்து கன்றுகளைக் கப்பலேற்றி 1793-ல் செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் இறக்கினார்கள். அங்கிருந்து எல்லாத் தீவுக்கும் பரவிவிட்டது.

பாலு அண்ணா, உங்கள் மகனுக்கு இன்னொன்று. ஆம்பர்கிரிஸ், அதாவது 'திமிங்கில வாந்தி', கடத்தினார்கள் என்று நம் ஊர்ச் செய்தியில் அடிக்கடி வருமே, அதைக் குடலில் உண்டாக்கும் ஸ்பெர்ம் திமிங்கிலம் டொமினிக்காவின் மேற்குக் கரையில் ஆண்டு முழுக்கக் குடும்பமாக வாழ்கிறது. பாட்டி, அம்மா, பெண்கள், குட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கும், ஆண்கள் வளர்ந்ததும் குளிர்க்கடல் பக்கம் போய்விடும். கரையை ஒட்டியே கடல் ஆழமாக இறங்குவதால் துறைமுகத்திலிருந்து சிறிது நேரத்தில் அவற்றின் இடத்துக்குப் போய்விடலாம். 2023 நவம்பரில் சுமார் 800 சதுர கிலோமீட்டர் கடலை இந்தத் திமிங்கிலங்களுக்கென்று ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. தரைப்பரப்பைவிடக் கொஞ்சம் பெரிய காப்பகம்!

ஆஃப்_ஸ்பின்

டொமினிக்கா என்று இத்தனை பதிவு ஓடுகிறது, வின்ட்சர் பார்க் கிரிக்கெட் மைதானம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்கம்.

2023 ஜூலை, மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். ரோசோ ஊருக்கு நடுவில் அந்த மைதானம், பின்னால் பச்சை மலை. நம்ம அஷ்வின் முதல் இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 71-க்கு 7. மொத்தம் 12. மூன்றாவது நாளே ஆட்டம் முடிந்தது, இன்னிங்ஸும் 141 ரன்னும் வித்தியாசம். ஷிவ்நரைன் சந்தர்பாலை முன்பு எடுத்தவர், இங்கே அவர் மகன் தேஜ்நரைனையும் எடுத்தார். டெஸ்டில் அப்பா, மகன் இருவரையும் வீழ்த்திய முதல் இந்தியப் பந்துவீச்சாளர். அன்று எதிரணியில் இரண்டு இன்னிங்ஸிலும் அதிக ரன் எடுத்தது யார் தெரியுமா? அலிக் அத்தனேஸ், 47-ம் 28-ம். அவருக்கு அது முதல் டெஸ்ட், அவர் அந்தத் தீவுப் பையன்.

2011-ல் இதே மைதானத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. முரளி விஜய், அபினவ் முகுந்த் என்று தொடக்க ஆட்டக்காரர் இருவரும் சென்னை. 15 ஓவரில் 86 ரன் வேண்டும், கையில் 7 விக்கெட். தோனி கைகுலுக்கிவிட்டு டிரா என்று போய்விட்டார்!

பஸ்ஸ்டாண்டு பாலு

அம்மாவிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். 'அஷ்வின் 12 விக்கெட் எடுத்த ஊரா, அப்ப போலாம்' என்கிறார். அம்மாவுக்கு எங்கெல்லாம் முடியும், அதைச் சொல்லுங்கள். புயல் பயம் உண்டா?

மலைநாடன்

புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. டிசம்பரில் அந்தப் பயம் பெரிதாக இல்லை. மழை மட்டும் எப்போது வேண்டுமானாலும் வரும்.

ஆனால் புயல் பற்றிப் பேசாமல் அந்த நாட்டைப் பற்றிப் பேச முடியாது. 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல், ஐந்தாம் வகை, நேராகத் தீவின் மேலேயே ஏறியது. பத்தில் ஒன்பது கூரை சேதம். பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை போய்விட்டதென்று அந்த இரவிலேயே முகநூலில் எழுதினார். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். நட்டம் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நாங்கள் தங்கிய வீட்டு அம்மா சொன்னார்: விடிந்து கதவைத் திறந்தபோது மலையில் ஒரு இலை இல்லை, எல்லாம் தீப்பிடித்து அணைந்த மாதிரி பழுப்பு, மரம் மறைத்திருந்த பக்கத்து ஊர் அன்றுதான் முதல்முறையாக அவர் கண்ணுக்குத் தெரிந்ததாம். இப்போது பச்சை திரும்பிவிட்டது. தேசியக் கொடியில் இருக்கிற சிசெரு கிளிதான் இன்னும் அபூர்வம்.

வடக்கே போர்ட்ஸ்மத் ஊரில் இன்னொரு அடி. 1978-லிருந்து அங்கே ஒரு அமெரிக்க மருத்துவக் கல்லூரி இருந்தது, மரியாவுக்குப் பிறகு பார்படாஸுக்குப் போய்விட்டது. வாடகைக்கு விட்ட அறைகள், மாணவர்களை நம்பிய சாப்பாட்டுக் கடைகள், எல்லாம் காலி.

சுண்ணாகத்தார்

ஒரு சின்ன விசயம் தம்பி. 'ஹரிக்கேன்' எண்ட சொல்லே அந்தத் தீவுகளின்ரை பழங்குடிச் சனத்திட்டை இருந்து ஸ்பானியர் எடுத்தது. நாங்கள் சின்னனிலை அரிக்கன் லாம்பிலை படிச்சனாங்கள். அந்தச் சொல் எங்கையிருந்து எங்கை வந்திருக்கு எண்டு பாருங்கோ.

மலைநாடன்

அருமை ஐயா! இது எனக்குத் தோன்றவே இல்லை.

டொமினிக்காவின் பழங்குடி கலினாகோ மக்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மற்றத் தீவுகளில் அநேகமாக அழிந்துபோனவர்கள் இங்கே மலையும் கரடுமான கிழக்குக் கரையில் பிழைத்துக்கொண்டார்கள். 1903-ல் சுமார் 3,700 ஏக்கரை அவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். இன்று கலினாகோ பகுதி என்று பெயர், சுமார் 3,000 பேர். நிலம் சமூகத்துக்குப் பொது, தனியாள் விற்க முடியாது. 2023-ல் அந்தச் சமூகத்துப் பெண் சில்வனி பர்ட்டன் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அம்மாவைக் கட்டாயம் அங்கே அழைத்துப் போங்கள், காரிலேயே போகலாம். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, பெரிய இரும்புத் தட்டில் ரொட்டியாகச் சுடுகிறார்கள். சுடச்சுடச் சாப்பிட வேண்டும், ஆறினால் அட்டை.

அம்மாவுக்கு எளிதானவை: டிராஃபால்கர் இரட்டை அருவி (பார்வை மேடை வரை கால் மணி நேர நடைகூட ஆகாது), எமரால்ட் குளம், போர்ட்ஸ்மத்தில் இந்தியன் ஆற்றில் துடுப்புப் படகு. மோட்டார் விடமாட்டார்கள், அதனால் அமைதி. ஒரு நாளைக்கு ஒரு இடம், அதற்கு மேல் வேண்டாம். விமான நிலையம் வடகிழக்கில், ரோசோ தென்மேற்கில். வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் வளைவு வளைவாக ஒரு மணி நேரத்துக்கு மேல். வண்டி நம்மைப் போலவே இடப்பக்கம். பணம் கிழக்குக் கரீபிய டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-லிருந்து கட்டி வைத்திருக்கிறார்கள். மயாமியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. நான் போனபோது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா கேட்கவில்லை, இருந்தாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலான்

இவ்வளவு தூரம் போகிறவர்கள் பக்கத்துக் குவாதலூப்பை விடாதீர்கள். 1854 டிசம்பர் 24-ல் முதல் கூலிக் கப்பல் அங்கே சேர்ந்தது. பிறகு மொத்தம் சுமார் 42,000 இந்தியர்கள், அதில் நிறையப் பேர் எங்கள் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேறியவர்கள். கபஸ்தேர் ஊரில் சாங்கி கோயில் இருக்கிறது. மாரியம்மனை மாலியெமென் என்கிறார்கள். கறிப்பொடிக்குப் பெயர் கொலம்போ, அது 'குழம்பு' என்று நான் சொல்வேன். டொமினிக்காவுக்கு அந்த அளவில் ஆட்கள் வரவில்லை, அதனால் அங்கே கோயில் தேட வேண்டாம். ரோசோவிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் படகு. ஆனால் குவாதலூப் பிரான்ஸுடையதாக இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது, விசாவைத் தனியாக விசாரியுங்கள்.

பஸ்ஸ்டாண்டு பாலு

விசாரித்தேன், இந்தப் பயணத்தில் நேரம் இல்லை. மாரியம்மன் அடுத்த முறை. டொமினிக்கா டிக்கெட் போட்டாயிற்று! மகனும் நானும் கொதிக்கும் ஏரி, மனைவியும் அம்மாவும் அன்று வெந்நீர்க் குளியல் என்று முடிவு.

மலைநாடன்

நல்ல முடிவு. குளியலுக்கு வாட்டன் வேவன் போகச் சொல்லுங்கள். ரோசோவுக்கு மேலே, தோட்டத்துக்குள் தொட்டி தொட்டியாகக் கட்டி விட்டிருக்கிறார்கள். பழைய துணி போதும், கந்தக வாடை துவைத்தாலும் லேசில் போகாது. முக்கியமாக வெள்ளி நகையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். என் மனைவி கொலுசோடு இறங்கினாள். அரை மணி நேரத்தில் அடுப்புக்கரி நிறம். அன்று இரவு முழுக்க என்னோடு பேசவில்லை, நான்தான் 'சும்மா இறங்கு' என்று சொன்னவன்.

பஸ்ஸ்டாண்டு பாலு

அம்மா மெட்டியைக் கழற்ற மாட்டாராம். '45 வருஷமா கழட்டினதில்ல, ஒரு வெந்நீருக்காகக் கழட்டுவேனா' என்கிறார்.

சுண்ணாகத்தார்

திருநீறு போட்டுத் தேய்ச்சா வெளுக்கும் தம்பி. அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

பஸ்ஸ்டாண்டு பாலு

தெரிந்திருக்கிறது ஐயா. கேட்பதற்கு முன்பே ஒரு பொட்டலம் விபூதி பெட்டிக்குள் போய்விட்டது.